எஸ்விஎன்-இலிருந்து கிட்டுக்கு மாறுவது: 41,000 ரிவிஷன் உள்ள ப்ராஜெக்டுக்குத் தேவைதானா?

கேள்வி: மூலக்கிளை

வணக்கம். அளவீட்டுக் கருவி ஒன்றுக்கான மென்பொருள். டெஸ்க்டாப் பகுதி சி++, கருவிக்குள் ஓடும் ஃபர்ம்வேர் சி. எல்லாம் ஒரே சப்வெர்ஷன் (எஸ்விஎன்: நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் மென்பொருள், கிட்டும் அதே வேலைக்கானது) ரெப்போவில், அதாவது சேமிப்பிடத்தில், இருக்கிறது. சர்வர் 1.9. ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிவு செய்யும் மாற்றம்) ஒன்று ஏறும் ரிவிஷன் எண் 41,000-ஐத் தாண்டிவிட்டது. சர்வரில் ரெப்போவின் அளவு 18 ஜிபி, ட்ரங்க் (முதன்மைக் கிளை) செக்அவுட் (வேலைக்காக இறக்கும் நகல்) 2.3 ஜிபி.

கமிட் செய்பவர்கள் 9 டெவலப்பர்களும் 2 வடிவமைப்பாளர்களும். ஃபர்ம்வேர் ஃபோல்டரில் மட்டும் வேலை செய்யும் வெளிக்குழு ஒன்றும் உண்டு. மற்ற ஃபோல்டர்கள் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதால் சர்வரில் பாதைவாரியாக அனுமதி வைத்திருக்கிறோம். இயந்திர வரைபடங்களும் இதே ரெப்போவில்தான். அவற்றை லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் திருத்தும் பூட்டு) போட்டுத்தான் திருத்துகிறார்கள். 'எபவுட்' பெட்டியில் தெரியும் பதிப்பெண் 5.2.41067 என்பது மாதிரி இருக்கும். கடைசிப் பகுதி எஸ்விஎன் ரிவிஷன்.

மாறச் சொல்பவர்கள் காட்டும் காரணங்கள்: ரிலீஸ் பிராஞ்சை (வெளியீட்டுக்கான தனிக் கிளை) மூன்று மாதம் கழித்து ட்ரங்கோடு சேர்க்கும்போது ட்ரீ கான்ஃப்ளிக்ட் (ஃபைல் நகர்ந்ததாலோ பெயர் மாறியதாலோ அழிந்ததாலோ வரும் மோதல்) குவிகிறது, ஒரு மெர்ஜுக்கு (சேர்ப்புக்கு) இரண்டு நாள் போகிறது. புதிதாகச் சேர்பவர்களுக்குக் கிட் மட்டுமே தெரியும். பிடித்த கோட் ரிவ்யூ கருவிகள் கிட்டுக்கு மட்டுமே இருக்கின்றன. வேண்டாம் என்பவர்கள், ஓடுவதை ஏன் தொடவேண்டும் என்கிறார்கள்.

மாறலாமா? மாறினால் வரலாறு முழுவதையும் எடுத்துப்போவதா, இன்றைய நிலையிலிருந்து புதிதாகத் தொடங்குவதா?

பதில் 1: தண்டவாளம்

முதலில் அந்த மெர்ஜ் வலியை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அது எஸ்விஎன் குறையா, உங்கள் பழக்கத்தின் விளைவா என்று தெரியாமல் முடிவெடுக்க வேண்டாம்.

ட்ரங்க் வேரில் நின்று, மெர்ஜ்இன்ஃபோ ப்ராப்பர்ட்டியை (எவை ஏற்கனவே மெர்ஜ் ஆயின என்று எஸ்விஎன் வைக்கும் குறிப்பு) ரிகர்சிவ் (உள் ஃபோல்டர்களும் சேர்த்து) ஆப்ஷனோடு ப்ராப்கெட் கட்டளையால் படியுங்கள். ஒரே ஒரு வரி, வேர் ஃபோல்டருக்கு மட்டும் வந்தால் நல்லது. நூற்றுக்கணக்கான ஃபைல்களுக்கும் துணை ஃபோல்டர்களுக்கும் தனித்தனியாக வந்தால், யாரோ வேரில் மெர்ஜ் செய்யாமல் ஒற்றை ஃபைலிலோ துணை ஃபோல்டரிலோ மெர்ஜ் செய்து வந்திருக்கிறார்கள் என்று பொருள். அதன்பின் ஒவ்வொரு மெர்ஜும் அத்தனை ஃபைல்களின் ப்ராப்பர்ட்டியையும் தொடும். மெதுவாகவும் ஆகும், தேவையற்ற கான்ஃப்ளிக்டும் வரும். எப்போதும் பிராஞ்சின் வேரில் மட்டுமே மெர்ஜ் என்று விதி வைத்தாலே பாதி வலி போய்விடும்.

அடுத்தது, ட்ரீ கான்ஃப்ளிக்டைக் கேள்வி கேட்டுத் தீர்க்கும் வசதி 2018-இல் வந்த 1.10-இலிருந்து இருக்கிறது. பெயர் மாற்றிய ஃபைல் எங்கே போனது என்று அதுவே வரலாற்றில் தேடி, வழிகளைக் காட்டும். இது கிளையன்ட் பக்க வசதி. சர்வர் 1.9-ஆகவே இருக்கலாம், மெர்ஜ் செய்பவரின் கணினியில் மட்டும் புதிய கிளையன்ட் போதும். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, முதலில் இதைச் செய்து பாருங்கள்.

இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: மூன்று மாதம் பிரிந்து வளர்ந்த இரண்டு கிளைகள் ஒரே ஃபங்ஷனைத் திருத்தியிருந்தால் கிட்டிலும் மோதும். கிட் பெயர்மாற்றத்தைப் பதிவு செய்து வைப்பதில்லை, இரண்டு ஃபைல்களின் ஒற்றுமையை வைத்து ஊகிக்கிறது. இயல்பான வரம்பு 50 சதவீதம். பெயரையும் மாற்றி உள்ளடக்கத்தையும் பாதிக்கு மேல் மாற்றினால், அதற்கு அது ஒரு ஃபைல் அழிந்து இன்னொன்று பிறந்த கணக்கு.

இழக்கப்போவதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பாதைவாரி அனுமதி கிட்டில் கிடையாது. ரெப்போவைப் படிக்க முடிந்தவருக்கு அதன் முழு வரலாறும் கிடைக்கும். லாக் கிட்டின் மையத்தில் கிடையாது, பெரிய ஃபைல்களைத் தனியே வைக்கும் எல்எஃப்எஸ் என்ற துணைக்கருவி வழியாகத்தான். ஏறிக்கொண்டே போகும் ஒற்றை ரிவிஷன் எண்ணும் கிடையாது. உங்கள் ப்ராஜெக்ட் இந்த மூன்றையும் பயன்படுத்துகிறது. அதனால் 'எல்லாரும் மாறிவிட்டார்கள்' என்ற வாதம் உங்களுக்கு அப்படியே பொருந்தாது.

பதில் 2: பில்ட்_மேடை

தண்டவாளம் சொன்னது சரிதான், ஆனா ரிவ்யூ கருவிகளும் புது ஆட்களும்ங்கற காரணம் வருஷத்துக்கு வருஷம் கனமாத்தான் ஆகும். கம்பைலர் ப்ராஜெக்டுகளான எல்எல்விஎம் 2019-லயும், ஜிசிசி 2020 ஜனவரியிலும், ஃப்ரீபிஎஸ்டிங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் 2020 கடைசியில ஆரம்பிச்சு 2021-லயும் எஸ்விஎன்னை விட்டுக் கிட்டுக்கு வந்தாச்சு. மூணுமே உங்களுதைவிடப் பல மடங்கு பெரிய வரலாறு. அதனால முடியுமாங்கறது கேள்வியே இல்ல. மாத்துறதுன்னு முடிவானா இப்படிப் பண்ணுங்க.

ஓடுற சர்வர்மேல மாற்றத்தை ஓட்டாதீங்க. சர்வர் உங்க கையில இருக்கறதால எஸ்விஎன்அட்மின் ஹாட்காப்பி (ரெப்போவோட முழு நகல்) ஒண்ணு எடுத்து, மாற்றம் பண்ற கணினியோட டிஸ்க்லயே வச்சுக்குங்க. நெட்வொர்க் வழியா 41,000 ரிவிஷனை ஒவ்வொண்ணா இழுக்கறதுக்கும் லோக்கல் டிஸ்க்ல படிக்கறதுக்கும் வேகத்துல பெரிய வித்தியாசம் இருக்கு. எப்படியும் நாலஞ்சு தடவையாவது திரும்பத் திரும்ப ஓட்டுவீங்க.

கருவி விஷயம். கிட்டோடயே வர்ற கிட்-எஸ்விஎன் சின்ன, ஒழுங்கான ரெப்போவுக்குச் சரி. உங்களுக்கு கேடிஇங்கற லினக்ஸ் டெஸ்க்டாப் ப்ராஜெக்ட் ஆட்கள் எழுதின எஸ்விஎன்-ஆல்-ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட்தான் நான் சொல்லுவேன். காரணம் இருக்கு. ட்ரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ்ங்கற (டேக்னா வெளியீடு மாதிரி ஒரு புள்ளிக்கு வைக்கற பேர்) அமைப்பு ரிவிஷன் 1-லேருந்தே இருந்துச்சா? பாதியில யாராவது ஃபோல்டரை நகர்த்தியிருந்தா கிட்-எஸ்விஎன் அதுக்கு முன்னாடி உள்ள வரலாற்றை விட்டுடலாம். ட்ரங்க் வேர்லேருந்து போடாம துணை ஃபோல்டர்லேருந்து போட்ட டேக் இருந்தா, அதோட பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியாம மறுபடி முதல்லேருந்து படிக்க ஆரம்பிக்கும். பேருக்குப் பின்னாடி அட் குறியும் எண்ணும் ஒட்டின வினோத பிராஞ்சுகள் தெரிஞ்சா இதுதான் காரணம். எஸ்விஎன்-ஆல்-ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட்ல விதி ஃபைல் நீங்களே எழுதலாம்: இந்தப் பாதை, இந்த ரிவிஷன்லேருந்து இதுவரைக்கும், இந்த ரெப்போவுல இந்த பிராஞ்சுக்குப் போகணும்னு. ஃபர்ம்வேர் ஃபோல்டரைத் தனி ரெப்போவாப் பிரிக்கறதும் அதே ஓட்டத்துலயே முடியும். வெளிக்குழு பிரச்சினை அங்கயே தீருது. ஒண்ணா மாத்திட்டு அப்புறம் மத்த ஃபோல்டரை அழிச்சாப் போதும்னு நினைக்காதீங்க, அழிச்சதெல்லாம் வரலாற்றுல அப்படியே உக்காந்திருக்கும்.

ஆட்கள் பட்டியல்: எஸ்விஎன் லாக்லேருந்து (கமிட் பதிவேடு, பூட்டு இல்ல) எல்லா யூசர் பேரையும் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் முழுப்பேர், மின்னஞ்சல்னு ஒரு ஃபைல். வேலையை விட்டுப் போனவங்க, பில்ட் ரோபோவோட பேர், ஆத்தரே இல்லாத ரிவிஷன் எல்லாத்துக்கும் வரி வேணும். கிட்-எஸ்விஎன்ல ஒரு பேர் விட்டுப்போனாலும் நடுவுல நின்னுடும்.

மெட்டாடேட்டா சேர்க்கற ஆப்ஷனை மறக்காதீங்க. ஒவ்வொரு கமிட் செய்தியோட கடைசியிலும் பழைய ரிவிஷன் எண் வரும். பக் ட்ராக்கர்ல 'ரிவிஷன் 30218-ல சரி பண்ணியாச்சு'ன்னு எழுதினது எல்லாம் அப்பத்தான் தேடினாக் கிடைக்கும். கிட் நோட்ஸ்ல (கமிட்டுக்கு வெளியே தனியா ஒட்டற குறிப்பு) வச்சுக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க. நோட்ஸ் தானா ஃபெட்ச் ஆகாது, புதுசா குளோன் (ரெப்போவோட நகல்) எடுக்கறவங்க கண்ணுக்கே தெரியாது. செய்தியிலேயே இருக்கட்டும்.

தானா வராதது இதெல்லாம்:

எக்ஸ்டர்னல்ஸ் (வேற இடத்து ஃபோல்டரை உள்ள இழுக்கற எஸ்விஎன் வசதி) வராது. சப்மாட்யூலா (ஒரு ரெப்போவுக்குள்ள இன்னொண்ணை வைக்கற கிட் வசதி) மாத்தினாலும் நடத்தை வேற. ரிவிஷன் குறிக்காத எக்ஸ்டர்னல் எப்பவும் புதுசை இழுக்கும், சப்மாட்யூல் குறிச்ச கமிட்லயே நிக்கும்.

கீவேர்ட் (ரிவிஷன் எண் மாதிரி தகவலை எஸ்விஎன் ஃபைலுக்குள்ள நிரப்பற குறி) விரியாது. சோர்ஸ்ல ரிவிஷன் கீவேர்டை வச்சு பதிப்பெண் அச்சடிக்கற இடம் இருந்தா அங்க வெறும் கீவேர்ட்தான் தெரியும். கிட்டோட ஐடென்ட் வசதி ஐடி கீவேர்டை மட்டும், அதுவும் ஃபைலோட ஹாஷாத்தான் (உள்ளடக்கத்துலேருந்து கணக்கிடற அடையாள எண்) நிரப்பும், கமிட் ஹாஷா இல்ல.

காலி ஃபோல்டர் வராது. பில்ட் ஸ்கிரிப்ட் காலி அவுட்புட் ஃபோல்டர் இருக்குன்னு நம்பி எழுதினா முதல் பில்டே விழும். அதுக்குத் தனி ஆப்ஷன் இருக்கு, போட்டுக்குங்க.

வரி முடிவு. எஸ்விஎன்ல நேட்டிவ்னு குறிச்ச ஃபைல் உள்ள ஒழுங்கா இருக்கும். குறிக்காததுல விண்டோஸ் வரி முடிவு அப்படியே பதிஞ்சிருக்கும். கிட்அட்ரிபியூட்ஸ்ல (ஃபைல் வகைக்கு விதி எழுதற ஃபைல்) டெக்ஸ்ட் ஆட்டோன்னு போட்ட உடனே ஆயிரக்கணக்கான ஃபைல் மாறின மாதிரி காட்டும். ரீநார்மலைஸ் (வரி முடிவைச் சீராக்கற) ஆப்ஷனோட ஒரே கமிட்டா முடிச்சு, அந்தக் கமிட்டோட ஹாஷை பிளேம் (எந்த வரியை யார் எழுதினதுன்னு காட்டற கட்டளை) புறக்கணிப்புப் பட்டியல்ல சேருங்க. 2019-ல வந்த கிட் 2.23-லேருந்து அந்த வசதி இருக்கு. இல்லேன்னா எந்த வரியை யார் எழுதினதுன்னு பார்த்தாலும் அந்த ஒரு கமிட்தான் தெரியும்.

சரிபார்க்கறது: கண்ணால பார்த்து விடாதீங்க. ட்ரங்க் முனை, உயிரோட இருக்கற ஒவ்வொரு பிராஞ்ச், கடைசி பத்து ரிலீஸ் டேக் இதுக்கெல்லாம் எஸ்விஎன் எக்ஸ்போர்ட்டை இக்னோர் கீவேர்ட்ஸ் ஆப்ஷனோட எடுங்க. கிட் பக்கம் அதே புள்ளியை செக்அவுட் பண்ணி ரெண்டு ஃபோல்டரையும் ரிகர்சிவா டிஃப் பாருங்க. ரீநார்மலைஸ் கமிட்டுக்கு முன்னாடி உள்ள புள்ளியில, லினக்ஸ்ல பாருங்க. காலி ஃபோல்டர், இக்னோர் ஃபைல் தவிர வேற வித்தியாசம் ஒண்ணு வந்தாலும் விதி ஃபைல் தப்பு.

பதில் 3: பதிப்பெண்

மேலே யாரும் விரிவாகத் தொடாத ஒன்று, 5.2.41067. சோதித்துப் பார்க்காமல் மாறினால் வாடிக்கையாளரின் கணினியில் போய் உடையப்போவது இதுதான்.

கிட்டில் ரெவ்-லிஸ்ட் கவுன்ட் (கமிட்டுகளை எண்ணும் கட்டளை) கொடுத்தால் எண் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எஸ்விஎன் ரிவிஷன் எண் ரெப்போ முழுமைக்கும் ஒன்று. பிராஞ்ச், டேக், வரைபடம் எல்லாக் கமிட்டும் அதில் சேர்ந்திருக்கிறது. கிட்டில் முதன்மைக் கிளையின் கமிட்டுகளை மட்டும் எண்ணினால் 41,067-ஐவிடக் குறைவாகத்தான் வரும். அப்போது புதிய பில்ட் பழைய பில்டைவிடச் சிறிய எண்ணோடு வெளியாகும், இன்ஸ்டாலர் அதைப் பழைய பதிப்பு என்று நினைத்து மறுத்துவிடும்.

ஒரு மாறிலியைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் விண்டோஸின் இன்ஸ்டாலர் வடிவமான எம்எஸ்ஐ பதிப்பெண்ணின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே ஒப்பிடும், மூன்றாவது பகுதியின் உச்சம் 65,535. இப்போதே 41,000-இல் இருப்பதால் எஸ்விஎன்-இலேயே தொடர்ந்தாலும் அந்தச் சுவரில் ஒருநாள் முட்டத்தான் போகிறீர்கள். எளிய வழி, மாறும் நாளில் 5.3 ஆக்கிவிடுவது. இரண்டாம் பகுதி ஏறிவிட்டால் மூன்றாவதைச் சிறிய எண்ணிலிருந்து தொடங்கலாம்.

எண்ணுவதை ஃபர்ஸ்ட்-பேரன்ட் (மெர்ஜில் முதல் பெற்றோரை மட்டும் பின்தொடரும்) ஆப்ஷனோடு செய்யுங்கள். ஃப்ரீபிஎஸ்டி தன் கர்னல் பதிப்பில் இப்படித்தான் எண்ணையும் ஹாஷையும் சேர்த்துப் போடுகிறது. எண் மட்டும் போதாது. வேறு வேறு பிராஞ்சில் ஒரே எண் வரலாம். ஹாஷின் முதல் 10 எழுத்துகளையும் 'எபவுட்' பெட்டியில் காட்டுங்கள்.

இரண்டு பொறிகள். சிஐ (தானாக பில்ட் செய்து சோதிக்கும்) கருவிகள் பல, இயல்பாகவே ஷாலோ (கடைசிச் சில கமிட்டுகள் மட்டும் உள்ள) குளோன் எடுக்கும். ஆழம் 1 என்றால் எண்ணிக்கையும் 1 என்றே வரும். பில்ட் வெற்றிகரமாக முடியும், பதிப்பெண் மட்டும் தவறாக இருக்கும். பதிப்பெண் ஸ்கிரிப்ட், ரெப்போ ஷாலோவா என்று முதலில் கேட்டு, ஆம் எனில் பில்டை நிறுத்தட்டும். மற்றது, அருகிலுள்ள டேக்கைச் சொல்லும் டிஸ்கிரைப் கட்டளை இயல்பாக அனொடேட்டட் (குறிப்போடு போட்ட) டேக்கை மட்டுமே பார்க்கும். மாற்றத்தின்போது வெறும் டேக்காக வந்திருந்தால் ஒன்றுமே இல்லை என்று சொல்லும்.

வரலாறு பற்றி என் கருத்து வேறு. 41,000-ஐயும் சுமக்க வேண்டாம். கடைசி இரண்டு பெரிய ரிலீஸ் வரை எடுங்கள். பழைய எஸ்விஎன் படிக்க மட்டும் திறந்திருக்கட்டும்.

பதில் 4: தண்டவாளம்

வெட்டுவதை நான் ஏற்கவில்லை. ஃபர்ம்வேரில் ஒரு டைமிங் மதிப்பு ஏன் 37 ஆக இருக்கிறது என்பதற்கான விடை பத்தாண்டு பழைய கமிட் செய்தியில் மட்டும் இருக்கக்கூடும். பிளேம் வெட்டிய கோட்டில் வந்து நின்றுவிட்டால், அடுத்தவர் சர்வரைத் தேடி, கடவுச்சொல் கேட்டு, வேறொரு கருவியைக் கற்றுக்கொண்டு போய்ப் பார்க்கமாட்டார். மதிப்பை மாற்றிவிடுவார். மூல நிரல் எழுத்து நன்றாகச் சுருங்கும், அதன் வரலாறு பாரமே அல்ல. பாரம் பைனரியில்தான். வெட்டுவதென்றால் அதை வெட்டுங்கள்.

அப்படியும் வெட்டித்தான் தொடங்கவேண்டும் என்றால், முழு வரலாற்றையும் தனி ரெப்போவாக மாற்றி வைத்துக்கொண்டு, தேவைப்படுபவர் கிட் ரீப்ளேஸ் கட்டளையின் கிராஃப்ட் ஆப்ஷனால் தன் கணினியில் ஒட்டிக்கொள்ளலாம். எந்த ஹாஷும் மாறாது.

கேட்டவர்: மூலக்கிளை

பார்த்தேன். மெர்ஜ்இன்ஃபோ வேரில் மட்டுமல்ல, 430 இடங்களில் இருக்கிறது. சோதனையாக மாற்றிய ரெப்போவில் கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியின் அனலைஸ் (அளவு ஆய்வு) ஓட்டினால், அளவில் முக்கால் பங்குக்கு மேல் வரைபடங்களும் சோதனைத் தரவுகளும்தான். நிரல் மட்டும் என்றால் 400 எம்பிக்குள் அடங்குகிறது. வரைபடங்களை எல்எஃப்எஸ்-இல் போடுவதா? இன்னொன்று, இப்போது திறந்திருக்கும் இரண்டு ரிலீஸ் பிராஞ்சுகளை என்ன செய்வது?

பதில் 5: பில்ட்_மேடை

வரைபடத்தை எஸ்விஎன்லயே விடுங்க, அதுதான் என் வாக்கு. அந்த 2 வடிவமைப்பாளர்களுக்கு பிராஞ்ச் வேணாம், மெர்ஜ் வேணாம், லாக்தான் வேணும், அது அங்க நல்லாவே வேலை செய்யுது. செக்அவுட் பண்ணா கடைசிப் பதிப்பு மட்டும்தான் இறங்கும். விதி ஃபைல்ல அந்தப் பாதையைத் தவிர்த்துடுங்க, அவ்வளவுதான். எந்த நிரல் பதிப்புக்கு எந்த வரைபடம்னு தெரியணும்னா, கிட் ரெப்போவுல ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல எஸ்விஎன் ரிவிஷன் எண்ணை எழுதி வச்சாப் போதும்.

சோதனைத் தரவு நிரலோட சேர்ந்து மாறறது, அதனால அது எல்எஃப்எஸ். எல்எஃப்எஸ் மைக்ரேட் இம்போர்ட்டை எல்லா பிராஞ்சுக்கும் சேர்த்து ஓட்டுங்க, ஆனா யாருக்கும் குளோன் கொடுக்கறதுக்கு முன்னாடி. அது வரலாற்றைத் திருப்பி எழுதும், எல்லா ஹாஷும் மாறும். ஒருத்தர் பழைய குளோன்லேருந்து புஷ் பண்ணாலும் ரெண்டு வரலாறும் கலந்து, வெளியேத்தின பைனரி எல்லாம் திரும்ப உள்ள வந்துடும். கிட்ஹப்ல வைக்கற எண்ணம் இருந்தா, 100 மெபிபைட்டுக்கு மேற்பட்ட ஃபைல் வரலாற்றுல எங்க இருந்தாலும் புஷ்ஷை மறுத்துடும்ங்கறதையும் கணக்குல வச்சுக்குங்க.

திறந்திருக்கற பிராஞ்ச்: முடிஞ்சா ரெண்டையும் எஸ்விஎன்லயே ட்ரங்கோட சேர்த்து முடிச்சிட்டு வாங்க. எஸ்விஎன் மெர்ஜ் எல்லாம் கிட்ல ரெண்டு பெற்றோர் உள்ள மெர்ஜ் கமிட்டா வரும்னு நம்பி இருக்க முடியாது, அதுவும் 430 இடத்துல சிதறின மெர்ஜ்இன்ஃபோவோட. அப்ப கிட் பார்வையில அந்த பிராஞ்ச் பிரிஞ்ச நாள்லேருந்து ஒண்ணுமே சேரல. முதல் மெர்ஜுலயே ஏற்கனவே சேர்த்ததெல்லாம் மறுபடி மோதும். முடிக்க முடியலேன்னா, மாத்தின உடனே முதன்மைக் கிளையில நின்னு, எஸ்விஎன்ல கடைசியா மெர்ஜ் பண்ண புள்ளியை அவர்ஸ் உத்தியோட ஒரு தடவை மெர்ஜ் பண்ணுங்க. ஃபைல் எதுவும் மாறாது, 'இதுவரைக்கும் சேர்ந்தாச்சு'ங்கற பதிவு மட்டும் விழும். அந்தப் புள்ளிக்கு முன்னாடி சேர்க்காம விட்ட கமிட் ஒண்ணும் இல்லைன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் இதைப் பண்ணணும், இருந்தா அது சத்தமில்லாமத் தொலைஞ்சுபோகும்.

பதில் 6: பதிப்பெண்

மாறும் நாளுக்கு மட்டும் சில குறிப்புகள்.

எஸ்விஎன்னை நிறுத்தும்போது அனுமதி ஃபைலின் வேரில் எல்லோருக்கும் 'படிக்க மட்டும்' என்று எழுதினால் போதாது. உள்பாதைக்குத் தனி விதி இருந்தால் அதுதான் செல்லும், அங்கே எழுதும் அனுமதி அப்படியே இருக்கும். ஸ்டார்ட்-கமிட் ஹூக்கில் (கமிட் தொடங்கும்போது சர்வர் ஓட்டும் ஸ்கிரிப்ட்) ஒரு செய்தியை ஸ்டாண்டர்ட் எரருக்கு அனுப்பி, 1 என்று வெளியேறச் செய்யுங்கள். கமிட் செய்பவரின் திரையில் அந்தச் செய்தியே தெரியும். புதிய ரெப்போவின் முகவரியை அதில் எழுதலாம். ஒன்று கவனியுங்கள்: வரைபடங்கள் எஸ்விஎன்னிலேயே தொடர்வதால் முழுப்பூட்டு போடமுடியாது. ஸ்டார்ட்-கமிட் நேரத்தில் எந்தப் பாதை மாறுகிறது என்று தெரியாது. உங்களுக்கு, கமிட் உறுதியாகும் முன் ஓடும் ப்ரீ-கமிட் ஹூக்தான். அதில் எஸ்விஎன்லுக் சேஞ்ச்ட் (மாறும் பாதைகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்து, வரைபடப் பாதைக்கு வெளியே ஒரு மாற்றம் இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

கமிட் ஆகாத வேலை யாரிடமாவது இருக்கும். எஸ்விஎன் டிஃப்பை ஃபைலாக எடுத்து, கிட் அப்ளையில் பி0 ஆப்ஷனோடு போட வேண்டும். எஸ்விஎன் பேட்சில் பாதைக்கு முன் ஏ, பி என்ற முன்னொட்டு இருக்காது. கிட்டோ இயல்பாக முதல் பகுதியை வெட்டிவிட்டு ஃபைலைத் தேடும். பைனரி மாற்றங்கள் அந்த பேட்சில் வராது, கையால் நகலெடுக்க வேண்டும்.

இருவழி ஒத்திசைவு வேண்டாம், ஒரு வாரத்துக்குக்கூட. கிட் மெர்ஜ் கமிட்டுகள் எஸ்விஎன் பக்கம் நேர்கோடாக்கப்படும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கமிட் வந்தால் யார் முந்தியது என்பதில் சிக்கல். மாறும் நாளுக்கு முன்பான வாரங்களில், தினம் இரவு ஹாட்காப்பியிலிருந்து மாற்றி, படிக்க மட்டும் ஒரு கிட் நகலைக் கொடுங்கள். சிஐ முழுவதும் அதில் ஓடட்டும். தொடர்ந்து பத்து இரவு டிஃப் சுத்தமாக வந்து, இன்ஸ்டாலர் 5.2-இன் மேல் 5.3-ஐ ஏற்றுக்கொண்டபின் தேதி குறியுங்கள்.

கேட்டவர்: மூலக்கிளை

அப்படியானால் வரிசை இது: இந்த வாரமே மெர்ஜ் செய்யும் கணினிகளில் புதிய கிளையன்ட், வேரில் மட்டும் மெர்ஜ். இரண்டு ரிலீஸ் பிராஞ்சுகளும் எஸ்விஎன்னிலேயே முடியும். நிரல் ஒரு கிட் ரெப்போ, ஃபர்ம்வேர் தனி ரெப்போ, இரண்டுக்கும் முழு வரலாறு. வரைபடங்கள் இருந்த இடத்திலேயே. முதல் பதிப்பு 5.3. டெஸ்க்டாப் பகுதி ஃபர்ம்வேரின் ஹெடர் ஃபைல்கள் சிலவற்றை நேரடியாக இன்க்ளூட் செய்கிறது. அதற்கு சப்மாட்யூல் போடலாமா?

பதில் 7: பில்ட்_மேடை

போடலாம், ஆனா திசை பார்த்துப் போடுங்க. டெஸ்க்டாப் ரெப்போவுக்குள்ள ஃபர்ம்வேர் சப்மாட்யூலா இருக்கலாம். தலைகீழாப் போட்டா வெளிக்குழுவால சப்மாட்யூலை இழுக்க முடியாது, அவங்க பில்ட் நிக்கும். இன்னும் சுத்தமா வேணும்னா, ரெண்டு பக்கமும் பகிர்ற ஹெடர்களை மட்டும் மூணாவது சின்ன ரெப்போவா, விதி ஃபைல்லயே இப்பவே பிரிச்சிடுங்க. மாத்தினதுக்கு அப்புறம் பிரிக்கணும்னா மறுபடி வரலாற்றைத் திருப்பி எழுதணும்.